தண்ணீரில் தடுப்பு மருந்து கொடுத்த பிறகும் கோழிகள் மூச்சுத் திணறிச் சாவது ஏன்?

நாகலூர் காப்பித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டை அடுத்த நாகலூர்ப் பக்கத்தில், காப்பிச் செடிகளுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களின் அடியில் ஐந்து ஆண்டுகளாகச் சிறுவிடைக் கோழிகளை வளர்த்து வருகிறேன். சென்ற மாதம் வரை 58 உருப்படிகள் இருந்தன. நடந்ததை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை சேலத்துக்கு இறங்கியபோது சந்தையில் மூன்று பெட்டைகளை வாங்கினேன். கோடை தொடங்கிவிட்டதால் வெள்ளைக்கழிச்சல் வரக்கூடும் என்று அஞ்சி, அதே பயணத்தில் ஒரு மருந்துக் கடையில் அதற்கான லசோட்டா என்னும் தடுப்பு மருந்தில் 500 டோஸ் கொண்ட குப்பி ஒன்றையும் வாங்கினேன். கடையில் இருந்தவர் அதை ஒரு பிளாஸ்டிக் பையில் இரண்டு ஐஸ் துண்டுகளுடன் போட்டுக் கொடுத்து, வீடு போய்ச் சேரும் வரை தாங்கும் என்றார். பேருந்து பாதி வளைவுகளைக் கடப்பதற்குள் ஐஸ் முழுவதும் தண்ணீராகி, குப்பியின் மேல் ஒட்டியிருந்த தாள் ஊறிக் கையோடு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அன்று இரவு நெடுநேரம் மின்சாரம் இல்லை.

புதிய பெட்டைகளில் ஒன்று அன்று மாலையே தும்மியது. பேருந்தில் பட்ட குளிர்காற்றாக இருக்கும் என்று எண்ணி, பஞ்சாரத்தில் தனியாகக் கவிழ்த்து வைக்காமல் எங்கள் கூண்டிலேயே அடைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஐந்து லிட்டர் பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் மருந்தைக் கலந்து வைத்தேன். மதியம் இரண்டு மணிக்குப் பார்த்தபோதும் பாதித் தண்ணீர் அப்படியே இருந்தது.

அடுத்த வியாழக்கிழமை இரவு கூண்டுப் பக்கமிருந்து குறட்டை போன்ற ஒரு சத்தம் கேட்டது. டார்ச் விளக்கோடு போய்ப் பார்த்தால், ஏழெட்டுக் கோழிகள் கழுத்தை நீட்டி, அலகைத் திறந்து, ஒவ்வொரு மூச்சையும் இழுத்து இழுத்து வாங்கிக்கொண்டிருந்தன. மறுநாள் எச்சம் வெள்ளையும் பச்சையுமாகத் தண்ணீர் போலப் போனது. முட்டையிடும் பெட்டை ஒன்று ஓடே இல்லாமல் தோல்முட்டை இட்டது. நான்காம் நாள் ஒரு சேவலின் கழுத்து முறுக்கிக்கொண்டது. கீழே கிடந்த சோளத்தைக் கொத்தப் போகும்போதெல்லாம் தலை வானத்தை நோக்கித் திரும்பிவிடுகிறது. தானியத்துக்கு ஒரு சாண் தள்ளி வெறும் மண்ணைத்தான் கொத்துகிறது. புதிதாக வாங்கிய மூன்றையும் சேர்த்து இதுவரை 26 கோழிகள் இறந்துவிட்டன. மீதமுள்ள 35 உருப்படிகளில் ஒன்பது நோயுடன் இருக்கின்றன.

நான் கொடுத்த மருந்தே நோயைக் கொண்டுவந்துவிட்டது என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா? மீதியுள்ள கோழிகளுக்கு இப்போது ஊசி போடலாமா? மறுபடியும் குஞ்சு விடுவதற்கு எவ்வளவு காலம் பொறுக்க வேண்டும்?

வாழப்பாடி ஓய்வூழியர் எழுதியது:

அன்புள்ள நண்பருக்கு, கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். தாங்கள் நாள்வாரியாக எழுதியிருப்பதால் விடை சொல்வது எளிதாகிறது. தங்கள் கேள்விக்குள் மூன்று தனித்தனித் தவறுகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டு கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் மருந்தின் மேல் பழி போட்டால் அடுத்த ஆண்டும் இதே கதைதான் நடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்பாக ஓர் எச்சரிக்கை. இறந்த கோழியைத் தாங்களே அறுத்துப் பார்க்க வேண்டாம். பறவைக் காய்ச்சலும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் தொடங்கக்கூடும்; கொண்டையும் தாடியும் நீலம் பாரித்து, தலை வீங்கி, ஒரே நாளில் கும்பலாக இறந்தால் அந்தச் சந்தேகம் வலுவாக எழ வேண்டும். ஆகவே, புதிதாக இறந்த ஒரு கோழியை இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் கட்டி அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். அதற்கு முன் தொலைபேசியில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். மூச்சிரைப்பு, பச்சை வெள்ளைக் கழிச்சல், தோல்முட்டை, கழுத்து முறுக்கு ஆகிய நான்கும் ஒரே கூட்டத்தில் சேர்ந்து வந்திருப்பதால் இது ராணிக்கெட் நோய், அதாவது நாம் வெள்ளைக்கழிச்சல் என்று சொல்வது என்றே நான் நினைக்கிறேன். ஆனாலும் உறுதி செய்ய வேண்டியவர் மருத்துவர்தான்.

கழிச்சல் என்ற பெயரே நம்மை ஏமாற்றுகிறது. வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக்கொண்டு பலரும் எச்சத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் இந்த வைரஸ் பெரும்பாலும் மூக்கு, கண், தொண்டை வழியாகத்தான் உள்ளே நுழைகிறது, தும்மலில் தெறிக்கும் துளியிலும் எச்சத்திலும் வெளியே வருகிறது. ராணிக்கெட் என்பது குமாவுன் மலைப் பகுதியில் உள்ள ஓர் ஊர். இந்தியாவில் 1920களின் இறுதியில் இந்நோய் அங்கே கண்டறியப்பட்டதால் அந்தப் பெயர் நிலைத்தது. நமக்குத் தடுப்பு மருந்து இராணிப்பேட்டையில் 1932இல் தொடங்கப்பட்ட அரசு நிலையத்திலிருந்து வருவதால், நோயின் பெயரும் அந்த ஊரிலிருந்துதான் வந்தது என்று நம்பிக்கொண்டிருந்த பண்ணையாளர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உலகம் வழங்கும் பெயர் நியூகாசில் நோய். அதுவும் ஓர் ஊரின் பெயரே. 1926இல் இங்கிலாந்தின் அந்த நகரத்துக்கு அருகில் நோய் வெடித்தது.

இனித் தங்கள் நாள்காட்டிக்கு வருவோம். நோய் உள்ளே நுழைந்து வெளியே தெரிவதற்கு இரண்டு முதல் பதினைந்து நாள்கள் ஆகலாம்; பெரும்பாலும் ஐந்தாறு நாள்கள். தங்கள் கோழிகள் வியாழக்கிழமை இரைக்கத் தொடங்கின. அதற்குச் சரியாக ஆறு நாள் முன்பு, வெள்ளிக்கிழமை, தும்மும் பெட்டை கூண்டுக்குள் போனது. மருந்து கொடுத்தது ஞாயிற்றுக்கிழமை. நல்ல மருந்தை முறையாகக் கொடுத்திருந்தாலும் உடலில் போதுமான எதிர்ப்பு உருவாக ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும். முழுப் பலன் தெரிய இரண்டு வாரம்கூடப் பிடிக்கும். ஆகவே நோய் இரண்டு நாள் முந்திக்கொண்டது. தும்மும் பெட்டையைத் தனியே வைக்காததுதான் முதல் தவறு. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரிடம் இதைச் சொல்லுங்கள். லசோட்டா என்பது உயிருள்ள, ஆனால் வீரியம் மிகக் குறைந்த வைரஸ். 1946இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஒரு பண்ணையில் பிரித்தெடுக்கப்பட்டது. அது இரண்டு மூன்று நாள் இலேசான தும்மலைத் தரலாமே தவிர, வளர்ந்த சேவலின் கழுத்தை முறுக்காது.

இரண்டாவது தவறு ஐஸ். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். வெப்பம் பட்ட குப்பி பார்வைக்கு அப்படியே இருக்கும், உள்ளே இருப்பது செத்துப்போயிருக்கும். மூன்றாவது தவறு குழாய்த் தண்ணீர். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணீர் கெட்ட வைரஸை மட்டும் தேடிப்பிடித்துக் கொல்வதில்லை. நாம் கலக்கும் மருந்தையும் கொன்றுவிடும். ஐஸ் உருகியபோது எதாவது மிஞ்சியிருந்தாலும் அந்த வாளியில் அது முடிந்திருக்கும்.

நோய்க்கு மருந்து கிடையாது. ஆன்டிபயாட்டிக் கொடுப்பது பின்னால் தொற்றிக்கொள்ளும் பாக்டீரியாவை அடக்குமே ஒழிய இந்த வைரஸைத் தொடாது. நோயுற்றவற்றைத் தனியே அடையுங்கள். நல்லவற்றுக்கு முதலில் தீனி வைத்துவிட்டு நோயுற்றவற்றிடம் கடைசியாகச் செல்லுங்கள். இறந்தவற்றை ஓடைப் பக்கம் வீசாமல் ஆழமான குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். மிக முக்கியமாக, மீதியுள்ளவற்றைக் கிடைத்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள். தங்களிடம் வந்து சேர்ந்த அந்த மூன்று பெட்டைகளும் வேறொருவர் அப்படித் தள்ளிவிட்டவையாக இருக்கலாம்.

ஓமலூர் முட்டைப்பண்ணை எழுதியது:

வாழப்பாடி ஐயா சொன்னதை அப்படியே ஏற்கிறேன். கொஞ்சம் சேர்த்துச் சொல்ல அனுமதிக்க வேண்டும், ஏனென்றால் இரைப்பு என்றாலே ராணிக்கெட் என்று முடிவு கட்டி ஒருமுறை நான் ஏமாந்திருக்கிறேன்.

என் பண்ணையில் முட்டை குறைந்து, கோழிகள் தும்மிக்கொண்டிருந்தபோது நான் மறுபடி மறுபடி லசோட்டா கொடுத்தேன், பயன் இல்லை. முட்டையை உடைத்துத் தட்டில் ஊற்றிப் பார்த்த மருத்துவர், வெள்ளைக்கரு தண்ணீராக ஓடுவதையும் ஓட்டின் மேல் சுருக்கம் விழுந்திருப்பதையும் காட்டி, இது ஐ.பி., அதாவது இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ் என்னும் மூச்சுக்குழல் நோய் என்று சொன்னார். அது கோழிகளுக்கு வரும் கொரோனா வைரஸ்; மனிதனுக்குத் தொற்றாது. 2020இல் நாமெல்லாம் அந்தச் சொல்லைக் கேட்டு நடுங்குவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே பண்ணைக்காரர்கள் அதற்குக் கோழிகளுக்குத் தடுப்பு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐ.பி.யில் கழுத்து முறுக்கும் கால் விளங்காமையும் வராது. கண்ணோரம் வீங்கி மூக்கிலிருந்து நாற்றமடிக்கும் சளி வந்தால் அது கொரைசா, பாக்டீரியாவின் வேலை. நாள்கணக்கில் இழுத்துக்கொண்டே இருந்து, சாவு அதிகம் இல்லாமல் எடை மட்டும் குறைந்தால் சி.ஆர்.டி., அதாவது நாள்பட்ட சுவாச நோய் என்று சந்தேகிக்கலாம். ஒன்றுக்குப் போட்ட தடுப்பு மருந்து மற்றொன்றைத் தடுக்காது என்பதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

அறுபது கோழிக்குத் தண்ணீரில் மருந்து கலப்பதே தேவையற்றது என்பது என் கருத்து. ஆயிரக்கணக்கில் வைத்திருக்கும் எங்களுக்குக் கையில் பிடிக்க ஆள் கிடைப்பதில்லை. அதனால் தண்ணீரில் கொடுக்கிறோம். அப்போதும் குளோரின் இல்லாத கிணற்றுத் தண்ணீரில், லிட்டருக்கு 2.5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கரைத்து, சிறிது நேரம் விட்டு, அதன் பிறகே மருந்தைக் கலக்கிறோம். இரண்டு மணி நேரம் கோழிகளைத் தாகத்தில் வைத்து, ஒரு மணியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்கும் அளவு மட்டுமே வைக்கிறோம். நண்பரின் வாளி ஏழு மணி நேரம் இருந்திருக்கிறது.

தங்களுக்குக் கண் சொட்டுதான் சரி. கோழியின் கண்ணுக்குப் பின்னால் ஒரு சுரப்பி இருக்கிறது. மருந்து அங்கே சேரும்போது கண், மூக்கு, மூச்சுக்குழல் ஆகியவற்றின் வாசலிலேயே காவல் ஏற்படுகிறது. கோழியின் தலையைப் பக்கவாட்டில் சாய்த்து, சொட்டு கண்ணின் மேல் விழுந்து பரவி, அது ஒருமுறை கண்ணை மூடித் திறந்து மருந்து உள்ளே மறையும் வரை கையை விடக்கூடாது. அவசரப்பட்டு விட்டால் தலையை உதறும். சொட்டு நம் சட்டையில் இருக்கும். அது நம் கண்ணில் தெறித்தால் ஓரிரு நாள் கண் சிவந்து உறுத்தும், ஆகையால் முகத்தை விலக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது ஊசி போடலாமா என்ற கேள்வியில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. நோய் நுழைந்த கூண்டில் எதைப் போட்டாலும் வீண் என்றுதான் நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஐயா விளக்க வேண்டும்.

வாழப்பாடி ஓய்வூழியர் எழுதியது:

முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். இறக்கையின் தோலுக்கடியில் போடும் கே ஸ்ட்ரெயின் என்னும் வைரஸ் வகைத் தடுப்பூசியை நோய் நடமாடும் கூண்டில் இப்போது போடக்கூடாது. அது வீரியம் கூடிய மருந்து. எட்டு வாரம் நிறைந்த, உடல் நலத்துடன் இருக்கும் கோழிகளுக்கு மட்டுமே உரியது. அதோடு, ஒரே ஊசியை எல்லாவற்றுக்கும் குத்திக்கொண்டு போனால் நோயை நாமே ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றிவிடுவோம். ஆனால் இதுவரை எந்த அறிகுறியும் காட்டாத, வேறிடத்தில் அடைக்கப்பட்டுள்ள கோழிகளுக்கு, மருத்துவரைக் கேட்டுக்கொண்டு லசோட்டா கண் சொட்டு விடலாம். அவற்றுள் சிலவற்றின் உடலில் நோய் ஏற்கெனவே இருக்கலாம். அவை சொட்டு விட்ட பிறகும் சாகும். அதைக் கண்டு மனம் தளரக்கூடாது. நான் பணியில் இருந்தபோது, சொட்டு விட்ட மறுநாள் இறந்த ஒரு கோழியைக் கையில் தூக்கிக்கொண்டு மருந்தக வாசலுக்கு வந்து ஒரு பாட்டி என்னைத் திட்டியது இன்றும் காதில் கேட்கிறது. அவர் வீட்டில் மிஞ்சிய கோழிகள் பிழைத்தன. அதைச் சொல்ல மட்டும் அவர் வரவில்லை.

வெள்ளக்கடை அடைக்கோழி எழுதியது:

அண்ணா, நானும் இதே மலையில் இருப்பவள்தான். ஐயா சொல்லும் குளிர், தண்ணீர் எல்லாம் சரி. ஆனால் மலையில் இருக்கும் எங்களுக்கு உண்மையான தடை குப்பியின் அளவுதான். வீட்டில் இருப்பது இருபது கோழி, கடையில் கிடைப்பது ஐந்நூறு டோஸ் குப்பி. கரைத்த பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிஞ்சியதை எடுத்து வைக்கவும் முடியாது. இருபது கோழிக்காக யார் அதை வாங்குவார்கள்? அதனால் யாருமே வாங்குவதில்லை. ஒரு வீட்டில் சீக்கு வந்தால் ஊர் முழுவதும் காலியாகிறது.

மூன்று ஆண்டுகளாக நாங்கள் செய்வது இதுதான். எங்கள் வரிசையில் உள்ள வீடுகள் எல்லாம் பேசி ஒரு நாளைக் குறித்துக்கொள்கிறோம். மீன் வாங்கி வரும் தெர்மாகோல் பெட்டியில் அடியிலும் மேலும் ஐஸ் பாக்கெட் வைத்து, குப்பி நேரடியாக ஐஸில் உறைந்துவிடாதபடி செய்தித்தாளில் சுற்றி ஒருவர் கீழேயிருந்து கொண்டுவருவார். முந்தின இரவு எந்த வீட்டிலும் கோழியைத் திறந்துவிடுவதில்லை. விடியற்காலையில் கூண்டிலிருந்தே எடுத்துச் சொட்டு விட்டால் மரத்தின் மேல் ஏறிய சேவலைத் துரத்த வேண்டியதில்லை. ஒருவர் பிடிக்க, ஒருவர் சொட்டு விட, என் மகள் காலில் நூல் கட்டுவாள். எது விட்டது, எது விடாதது என்ற குழப்பம் வராது. ஆண்டுதோறும் பிப்ரவரியில் கால்நடைத் துறை நடத்தும் இருவாரக் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமையும் நாங்கள் தவறவிடுவதில்லை. கோடைக்கு முன்பே போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதத்தில் வைத்திருக்கிறார்கள்.

கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், சின்ன வெங்காயம் அரைத்து உருண்டை கொடுப்பது எங்கள் வீட்டிலும் உண்டு. தீனி எடுக்காத கோழிக்கு அது தெம்பு தரும் என்பது என் அனுபவம்; அதை நம்பிச் சொட்டு விடாமல் இருந்த ஆண்டில்தான் எனக்கு அதிக இழப்பு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மலைக் குளிருக்குப் பயந்து கூண்டைச் சாக்கால் முழுவதும் மூடிவிடுகிறோம். காலையில் திறந்தால் நம் கண்ணே எரிகிறது. எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா வாடைதான் அது. இரவெல்லாம் அதைச் சுவாசிக்கும் கோழியின் மூச்சுக்குழல் ஏற்கெனவே புண்பட்டிருக்கும். மேல் பக்கத்தில் ஒரு சாண் திறப்பு விட்டு வையுங்கள்.

நாகலூர் காப்பித்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. இரண்டு கோழிகளைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றேன். மருத்துவர் அறுத்துக் காட்டினார். அரைவைப்பைக்கு முன்னால் உள்ள இரைப்பையைத் திறந்தபோது, அதன் உட்சுவரில் குண்டூசித் தலை அளவுக்கு இரத்தப் புள்ளிகள் வரிசையாக இருந்தன, மூச்சுக்குழலும் சிவந்திருந்தது. வெள்ளைக்கழிச்சல்தான் என்றார், மாதிரியும் எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறார்.

நோயுற்ற ஒன்பதில் எட்டு இறந்துவிட்டன. கழுத்து முறுக்கிய சேவல் மட்டும் இன்னும் இருக்கிறது. கஞ்சியைக் கையால் ஊட்டுகிறேன். தனியே பிரித்த 26 கோழிகளுக்கு மருத்துவர் சொன்னபடி கண் சொட்டு விட்டோம். அவற்றில் மூன்று இறந்தன, 23 நலமாக உள்ளன. சொட்டு விட்டு இன்றோடு பன்னிரண்டு நாள்கள் ஆகின்றன. அடைக்கோழி ஒன்று பதினோரு முட்டைகளின் மேல் படுத்திருக்கிறது. பொரியும் குஞ்சுகளுக்கு எப்போது தொடங்க வேண்டும் என்பதையும், கூண்டை எப்படிச் சுத்தம் செய்வது என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

வாழப்பாடி ஓய்வூழியர் எழுதியது:

அந்தச் சேவல் உயிரோடு இருக்கும் வரை எச்சத்தில் வைரஸை வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். அதைக் குஞ்சுகளின் பக்கம் விடவே கூடாது. பிழைத்தாலும் கழுத்து முழுவதும் நேராகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கூண்டில் ஒட்டியிருக்கும் எச்சத்தை முதலில் சுரண்டி எடுத்து எரித்துவிட்டு, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகே பிளீச்சிங் கரைசல் தெளியுங்கள். அழுக்கின் மேல் தெளித்தால் அது அழுக்கோடு நின்றுவிடும். தங்கள் தோட்டம் நிழலும் ஈரமுமாக இருப்பதால், சமவெளியில் வெயில் செய்து முடிக்கும் வேலை அங்கே நடக்காது. குளிரில் இந்த வைரஸ் எச்சத்துக்குள் வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஆகவே கூண்டை ஒரு மாதமாவது காலியாக விட்டு, நகர்த்த முடிந்தால் வெயில் படும் இடத்துக்கு நகர்த்துங்கள். அடைக்கோழியையும் வீட்டுப் பக்கம் வேறிடத்தில் வையுங்கள்.

குஞ்சுகளுக்கு ஏழாம் நாள் எஃப் ஸ்ட்ரெயின் (லசோட்டா போன்ற மற்றொரு தடுப்பு மருந்து) அல்லது லசோட்டா கண் சொட்டு. நான்காவது வாரத்தில் லசோட்டா மறுபடியும். எட்டாவது வாரத்தில் இறக்கையடியில் கே ஸ்ட்ரெயின் ஊசி அரை மில்லி. அதற்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்துவிடுங்கள். தாய்க்குத் தடுப்பு இருந்தால் குஞ்சின் இரத்தத்தில் சிறிது காலம் அந்த எதிர்ப்பு ஓடும். அது சொட்டு மருந்தையே ஓரளவு தின்றுவிடும் என்பதால்தான் முதல் சொட்டோடு நிறுத்தாமல் மறுபடியும் விடச் சொல்கிறோம். பிழைத்த 23 கோழிகளுக்கும் ஒரு மாதம் கழித்து, நோய் முற்றிலும் அடங்கியதை மருத்துவர் பார்த்த பிறகு, கே ஊசி போடலாம்.

இனிச் சந்தையிலிருந்து எது வந்தாலும் மூன்று வாரம் தனிப் பஞ்சாரம். அதற்குத் தனித் தண்ணீர்ச் சட்டி.

நாகலூர் காப்பித்தோட்டம் எழுதியது:

குறித்துக்கொண்டேன் ஐயா. வெள்ளக்கடை அக்கா சொன்னதைக் கேட்டு எங்கள் பக்கத்து வீடுகளிலும் பேசினேன். பதினான்கு வீடுகள் சேர்ந்திருக்கின்றன; எண்ணிப் பார்த்ததில் 310 கோழிகள், ஒரே குப்பி போதும். எங்கள் கூண்டுப் பக்கம் போகும் நான் மற்ற வீட்டுக் கோழிகளைத் தொடக்கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டதால், பிடிப்பதும் சொட்டு விடுவதும் வேறு ஆள்கள்; கீழேயிருந்து தெர்மாகோல் பெட்டியில் குப்பியைக் கொண்டுவருவது மட்டும் என் பொறுப்பு. மருந்தே நோயைக் கொண்டுவந்தது என்று சொன்ன பெரியவர் தம் பன்னிரண்டு கோழிகளையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்; ஆனால் மற்ற வீடுகளில் விட்டு இரண்டு நாள் பார்த்த பிறகுதான் தம் வீட்டுக்கு வர வேண்டும் என்கிறார். கரைத்த மருந்து இரண்டு மணி நேரம்தான் இருக்கும் என்பதை அவருக்கு இன்று மாலை விளக்கிச் சொல்லப் போகிறேன்.